நானாக்கும்

ஒன்பது புள்ளி.
அதில் செவ்வாய்க்கிழமை ராத்திரி நான் இழுத்த கோடு
புதன்கிழமை காலையில் என் கையில் இல்லை.
அண்டி ஆபீசில் ஷீபா எட்டிப் பார்க்கிறாள் என்று
மாற்றிய கோடு.
அவளுக்குத் தெரியக்கூடாதென்று போட்டது
எனக்கே தெரியாமல் போயிற்று.

விரலை வைத்தால் திறக்கும் என்பார்கள்.
பத்தொன்பது வருஷம் அண்டி தல்லிய விரல்.
தோட்டெண்ணெய் தின்றதுபோக மிச்சமிருக்கும் ரேகையை
ரேஷன் கடை மெஷினே ஏற்பதில்லை,
பிறகல்லவா இந்தக் கண்ணாடி.

கருங்கல் சந்தை முக்கில், கோழிக்கடைக்கு மேல்மாடியில்
ஷிபின் இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினான்.
"எல்லாம் போயிரும், பரவாயில்லையா?"
போகட்டும் என்றேன்.
எது எல்லாம் என்று நினைப்பதற்குள்
போய்விட்டது.

வெளுத்த முகத்தோடு திரும்பி வந்து
வணக்கம் சொன்னது. மொழி கேட்டது. தமிழ் என்றேன்.
தமிழிலேயே கேட்டது,
இதற்கு முந்தைய உரிமையாளர் நீங்கள்தானா என்று.

நானாக்கும்.

சொன்னால் போதாதாம்.
தக்கலையில் வாங்கிய பில் இருக்கிறது,
பதினொரு தவணையும் கட்டிய சீட்டு இருக்கிறது,
மூலையில் உள்ள கீறல் எந்தப் படியில் விழுந்தது என்றும் சொல்வேன்.
அதற்கு அதெல்லாம் வேண்டாம்.
அன்றைக்குக் கடைப்பையன் வைத்த ஒரு பெயர் வேண்டும்.
விமலபாய் என்றால் ஏற்கனவே ஆயிரம் பேராம்,
வாலில் ஏதோ எண் சேர்த்தான்,
பிறந்த தேதியும் அவனே போட்டான்.
இப்போது மஸ்கட்டில் இருக்கிறான்.
அவனுடைய நம்பர்
அந்த எல்லாவற்றுக்குள்ளும் இருந்தது.

ஷிபின் தோண்டித் தோண்டி ஒரு வழி கண்டான்.
"பழைய நம்பருக்கு ஆறு இலக்கம் அனுப்பும். அனுப்பட்டா?"
பழைய நம்பரா!
ஆபீஸ் மூடிக்கிடந்த ஏழு மாதம் ரீசார்ஜ் செய்யாததால்
கம்பெனி பிடுங்கியதல்லவா அது.
ஆனாலும் மனப்பாடம்.
ஷிபினின் போனை வாங்கி
என் நம்பருக்கு நானே அடித்தேன்.

ஒரு ஆண்குரல். பின்னால்
ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினின் இரைச்சல்.
"உங்களுக்கு ஒரு ஆறு நம்பர் வரும், அதக் கொஞ்சம்..."
வைத்துவிட்டார்.

சரிதானே. நானும் வைத்திருப்பேன்.
கூப்பிடும்போதெல்லாம் மணிக்கு முன்னால்
அதைத்தானே சொல்லித் தருகிறார்கள்,
யார் கேட்டாலும் சொல்லாதே, பேங்கிலிருந்து என்றாலும் சொல்லாதே.

மறுபடி அடித்தேன்.
"அண்ணே, இது முன்னே எனக்க நம்பராக்கும்."
"அதுக்கு நான் என்ன செய்ய?"
"விமலபாய் உண்டான்னு கேட்டு யாராவது விளிப்பாங்களா?"

மெஷின் நின்றது.

"கிறிஸ்மஸுக்கு ஒரு பொண்ணு விளிக்கும். குவைத்துலேருந்து.
ராங் நம்பர்னா கேக்காது. விமலாக்காக்குக் கோவமா,
ஆள வச்சுப் பொய் சொல்ல வைக்கியாளான்னு
போன வருசம் ஒரே கரச்சல்."

பிறிசில்லா.
பக்கத்துப் பெஞ்சில் ஆறு வருஷம் இருந்தவள்.
அவள் நம்பர் மாற்றியது எனக்குத் தெரியாது,
என்னுடையது போனது அவளுக்கு.
மறந்துவிட்டாள் என்று நான் பாட்டுக்கு இருந்தேன்.

"அவளுக்க நம்பர் இருக்கா அண்ணே?"
"இருக்கு. குவைத் ராங் நம்பர்னு போட்டு வச்சிருக்கேன்.
இப்போ ஒண்ணு வந்திருக்கு பாரு, எழுது."
களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் லாட்டரி வாசிப்பவர்களைப்போல
ஒவ்வொன்றாய், இடைவெளி விட்டு, இரண்டு தடவை வாசித்தார்.
ஆறு இலக்கம். பிறகு குவைத்.

திறந்தது. உள்ளே படம் ஒன்றும் இல்லை.
இருபத்துமூன்று பெயர் மட்டும் கரையேறி வந்திருந்தது.
இருபத்துநாலாவதாய் என் பழைய நம்பரைப் போட்டேன்,
பெயர் கேட்க மறந்ததால்
வேர்க்கிளம்பி ரப்பர் என்று. ஊர் மட்டும் சொல்லியிருந்தார்.

புதுக் கோடு கேட்டது.
ஷிபின் மரியாதையாய்ச் சுவரைப் பார்த்தான்.
பிறகு என்பதை அமுக்கிவிட்டு, இருநூறு கொடுத்து, இறங்கினேன்.

கோழிக்கடை வாசலில் நின்று அடித்தேன்.
"யாரு?"
"நானாக்கும்."

பெயர் கேட்கவில்லை.
எடுத்த எடுப்பில் திட்ட ஆரம்பித்தாள்.
குளச்சல் பஸ் வந்தது, நின்றது,
கண்டக்டர் என்னைப் பார்த்தார்.
போகட்டும் என்றேன்.